பார்வையாளர் இல்லாத கிறிஸ்துமஸ் இரவு: 2021 டிசம்பர் 18 'சாட்டர்டே நைட் லைவ்' நேரலைதானா?

மார்கழிப்பனி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக வரும், வாரம் ஒரு பிரபலம் தொகுத்து வழங்கும் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் கிறிஸ்துமஸ் வார ஒளிபரப்புகளில் கிடைப்பவற்றை ஆண்டு வரிசைப்படி ஒரு மாதமாகப் பார்த்து வருகிறேன். நிகழ்ச்சி தொடங்கிய 1975ஆம் ஆண்டிலேயே டிசம்பர் 20 அன்று கேண்டிஸ் பெர்கன் முதல் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 11 அன்றும் அவரே வந்தார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பையில் போட்டுக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்று விற்கும் வியாபாரியாக டான் அய்க்ராய்டு நடித்த காட்சி அந்த இரவில்தான் வந்தது. நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த வியாபாரி ஒவ்வொரு கேள்விக்கும் சளைக்காமல் சொல்லும் பதில்களின் கூர்மை இன்னும் நன்றாகப் புலப்படும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு 2021 டிசம்பர் 18க்கு வந்தபோது என்னால் அதைக் கடந்து செல்ல முடியவில்லை. ஓமிக்ரான் தொற்று நியூயார்க்கில் வேகமாகப் பரவிய வாரம் அது. அரங்கில் பார்வையாளர் இல்லை. நடிகர்களிலும் தொழில்நுட்பக் குழுவிலும் மிகச் சிலரே இருந்தார்கள். பாட வேண்டிய பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் பாடவில்லை. ஐந்தாம் முறையாகத் தொகுத்து வழங்க வந்திருந்த நடிகர் பால் ரட்டும், விருந்தினர்களாக வந்த டாம் ஹாங்க்ஸ், டீனா ஃபே ஆகியோரும், நிகழ்ச்சியின் நிரந்தர நடிகர்களான கீனன் தாம்சன், மைக்கேல் சே ஆகியோரும் வெறும் அரங்கில் நின்று பேசினார்கள். முன்னதாகவே படமாக்கப்பட்டிருந்த சில காட்சிகளும், முந்தைய ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் காட்சிகளும் நேரத்தை நிரப்பின.

என் கருத்தைத் தயக்கமின்றி முன்வைக்கிறேன். அந்த இரவின் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, பழைய நிகழ்ச்சி ஒன்றை முழுமையாக மறு ஒளிபரப்புச் செய்திருக்க வேண்டும். இந்த நிகழ்ச்சியின் பெயரிலேயே 'லைவ்' இருக்கிறது. பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்து ஒட்டும் வழக்கம் இதில் கிடையாது. எழுதப்பட்ட ஒரு வரி வென்றதா தோற்றதா என்பதை ராக்கஃபெல்லர் மையத்தின் எட்டாம் மாடி அரங்கில் அமர்ந்திருக்கும் சில நூறு பேரே அந்த நொடியில் முடிவு செய்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்ட பிறகு எஞ்சுவதை நேரலை என்று அழைப்பது பொருந்தாது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏழிசை

மார்கழிப்பனி அவர்களுக்கு, நான் டொராண்டோவில் இருப்பவள். அந்த இரவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற முறையில் உங்கள் கருத்திலிருந்து வேறுபடுகிறேன்.

அந்த வாரத்தின் சூழலை முதலில் நினைவுகூர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஓமிக்ரானுக்குப் பெயர் சூட்டியதே நவம்பர் 26 அன்றுதான். மூன்று வாரங்களுக்குள் பிராட்வே நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. இந்த நிகழ்ச்சி நடக்கும் அதே ராக்கஃபெல்லர் மைய வளாகத்தில் உள்ள ரேடியோ சிட்டி அரங்கில், ராக்கெட்ஸ் நடனக் குழுவினர் ஆண்டுதோறும் நடத்தும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, டிசம்பர் 17 அன்று, அதாவது முந்தைய நாள்தான், அந்தப் பருவம் முழுவதற்கும் கைவிடப்பட்டது. நாங்களும் எல்லைக்கு இந்தப் பக்கத்தில் உறவினர் வருகைகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்தோம். என் அம்மாவைப் பார்க்கச் செல்வதற்காக எடுத்திருந்த பயணச்சீட்டை அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நான் ரத்து செய்தேன்.

அத்தகைய இரவில் பழைய நிகழ்ச்சியொன்றை முழுமையாக ஒளிபரப்பியிருந்தால், எதுவுமே நடக்கவில்லை என்று பாசாங்கு செய்ததாகவே எனக்குத் தோன்றியிருக்கும். அதற்கு மாறாக, ஆட்கள் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை என்பதை அவர்கள் மறைக்காமல் காட்டினார்கள். அந்த வாரச் செய்திகளை நையாண்டி செய்யும் செய்திப் பகுதியை வழக்கமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்காமல், டீனா ஃபேயும் மைக்கேல் சேயும் மேடையில் அமர்ந்து வாசித்தார்கள். எதிரே இருந்து சிரித்தவர்கள் ஹாங்க்ஸும் ரட்டும் தாம்சனும்தான். அந்தச் சில பேரின் சிரிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அதைக் கேட்டபோது, என் வீட்டுக் கூடத்தில் அந்த ஆண்டு எத்தனை பேர் உட்காரப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். அரை நூற்றாண்டு வரலாற்றில் அந்த வாரத்து வாழ்க்கைக்கு இவ்வளவு அருகில் வந்த கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி வேறு இல்லை என்பது என் துணிபு.

கடலூரான்

இருவருடைய கருத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 11 அன்றே, தொற்றிலிருந்து மீண்டு வந்த அதே டாம் ஹாங்க்ஸைக் கொண்டு, நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து படம்பிடித்து அனுப்பிய காட்சிகளால் ஒரு நிகழ்ச்சியை இவர்கள் உருவாக்கிவிட்டார்கள். ஆகவே பார்வையாளர் இல்லாமல் ஒளிபரப்புவது 2021இல் புதிய செய்தி அன்று. அப்போது வீடுகளிலிருந்து வந்தபோது நாம் அதை ஏற்றுக்கொண்டோம். அரங்கத்திலிருந்து வந்தபோது மட்டும் ஏன் உறுத்துகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

பரணிதரன்

கடலூரான் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லும் முன், மற்றொரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது 2012 டிசம்பர் 15.

அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி அளவில், கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுனில் உள்ள சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன், ஆறும் ஏழும் வயதான 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றான். சனிக்கிழமை இரவு 11.30க்கு இந்த நிகழ்ச்சி தொடங்க வேண்டும். இடையில் இருந்தது 38 மணி நேரம். மார்ட்டின் ஷார்ட் தொகுத்து வழங்குகிறார், பால் மெக்கார்ட்னி பாடுகிறார். காட்சிகள் எழுதப்பட்டு, அரங்கப் பொருள்கள் செய்யப்பட்டு, ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. நாடு முழுவதும் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழும் இரவில், நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று எந்த முகத்தோடு திரையைத் திறக்கும்?

வழக்கமாக அரசியல் நையாண்டி இடம்பெறும் முகப்பில், நியூயார்க் நகரக் குழந்தைகள் பாடற்குழுவினர் வரிசையாக நின்று 'சைலன்ட் நைட்' பாடினார்கள். விளக்கமும் இரங்கல் உரையும் கொடுக்கவில்லை. நடந்தது என்ன என்று எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் இல்லை. இறந்தவர்களின் வயதை ஒட்டிய குழந்தைகள் பாடுகிறார்கள், பார்ப்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பாடல் முடிந்ததும், வாரந்தோறும் நடிகர் ஒருவர் உரக்கச் சொல்லித் தொடங்கிவைக்கும் அந்த 'நியூயார்க்கிலிருந்து நேரலையில்' என்ற அறிவிப்பைக் குழந்தைகளே சொன்னார்கள். பிறகு நிகழ்ச்சி தொடர்ந்தது, மார்ட்டின் ஷார்ட் பாடி ஆடினார், மக்களும் சிரித்தார்கள்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த முதல் நிகழ்ச்சியோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அப்போது நகர மேயர் ஜூலியானி தீயணைப்பு வீரர்களோடும் காவலர்களோடும் மேடையேறினார். பால் சைமன் பாடினார். நாங்கள் வேடிக்கையாக இருக்கலாமா என்று தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் மேயரைக் கேட்டது புகழ்பெற்ற தருணம். ஆனால் அது செப்டம்பர் 29 அன்று நடந்தது. யோசிப்பதற்கு 18 நாள்கள் இருந்தன, அனுமதி தருவதற்கு ஒரு மேயரும் இருந்தார். 2012இல் யோசிக்க நேரமும் இல்லை, அனுமதி கேட்க ஆளும் இல்லை. பேச்சைத் தவிர்த்துப் பாட்டை மட்டும் வைத்த அந்த முடிவை, இந்த நிகழ்ச்சி எடுத்த முடிவுகளிலேயே மிகச் சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேரலை என்பதை மார்கழிப்பனி பார்வையாளரின் சிரிப்பைக் கொண்டு அளக்கிறார். அந்தப் பாடல் ஒலித்த நிமிடங்களில் அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அதைவிட உயிருள்ள நேரலையை நான் பார்த்ததில்லை. அன்றைய நாளுக்குப் பதில் சொல்லும் கடமைதான் நேரலை. அந்த வகையில் பார்த்தால் 2021உம் தன் கடமையைச் செய்ததாகவே சொல்ல வேண்டும்.

மார்கழிப்பனி

பரணிதரன் ஐயா, 2012 குறித்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது என்பதைக் கவனியுங்கள். குழந்தைகள் பாடியபோது அரங்கில் நிலவிய அமைதி, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டாக்கிய அமைதி. சிரிக்கக் கூடியவர்கள் நிறைந்த இடத்தில் ஒருவரும் சிரிக்காமல் இருப்பது வேறு, சிரிக்க ஆளே இல்லாமல் இருப்பது வேறு. அதே நிகழ்ச்சியில் பிறகு நடிகர் சாமுவேல் ஜாக்சன் வாய்தவறிக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னதும், இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்ற பொருளில் கீனன் தாம்சன் அந்த நொடியிலேயே கண்டித்ததும், அரங்கம் வெடித்துச் சிரித்தது. அழுகைக்கு அருகில் இருந்த ஒரு கூட்டம் அதே இரவில் அப்படிச் சிரித்ததைத்தான் நான் நேரலை என்கிறேன். 2021இல் இந்த இரண்டுமே நடந்திருக்க வாய்ப்பில்லை.

தேன்மொழி

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். உங்கள் விவாதத்தில் பார்வையாளர் என்ற சொல் அடிக்கடி வருவதால், அந்தப் பார்வையாளர்களில் ஒருத்தியாக ஒரு டிசம்பரில் உள்ளே சென்று வந்த அனுபவத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இதற்கு நுழைவுச்சீட்டு விற்பனை கிடையாது. ஆகஸ்ட் மாதத்தில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும். அல்லது அந்த வாரமே காத்திருப்பு வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் இரவு எட்டு மணிக்கு நடக்கும் இறுதி ஒத்திகையா, பதினொன்றரை மணி நேரலையா என்று ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். எண் கிடைத்தாலும் உள்ளே இடம் உறுதி இல்லை. நானும் என் தங்கையும் ஒத்திகையைத் தேர்ந்தெடுத்தோம். கீழே ராக்கஃபெல்லர் மையத்தின் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க வந்த கூட்டம். அந்த இடத்தில் 1931ஆம் ஆண்டு, பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில், கட்டடத் தொழிலாளர்கள் தாமே பணம் சேர்த்து முதல் மரத்தை நட்டார்கள் என்று வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் எங்களுக்குச் சொன்னார். கைவிரல்கள் விறைத்துப்போன பிறகுதான் எங்கள் எண் அழைக்கப்பட்டது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஏற்பட்ட முதல் வியப்பு, அந்த இடம் தொலைக்காட்சியில் தெரிவதைவிட எவ்வளவு சிறியது என்பதுதான். 8ஹெச் என்ற அந்த அரங்கம் வானொலிக் காலத்தில் கட்டப்பட்டது. அர்துரோ தோஸ்கனினி தம் இசைக்குழுவை நடத்திய இடம். ஒரு காட்சி ஒரு மூலையில் நடக்கும்போதே எதிர் மூலையில் தொழிலாளர்கள் ஓசை எழாமல் அடுத்த காட்சியின் சுவர்களை நகர்த்துகிறார்கள். வசனங்கள் கையால் எழுதப்பட்ட பெரிய அட்டைகளில் கேமராவின் அருகே உயர்த்திப் பிடிக்கப்படுகின்றன.

இந்த இழைக்குத் தேவையான செய்தி இதுதான். ஒத்திகை நேரலையைவிட நீளமானது. நேரலைக்கு வேண்டியதைவிட அதிகமான காட்சிகளை நடித்துக் காட்டுகிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு காட்சி, குடும்பத்தார் கூடும் விருந்து பற்றியது, எனக்கும் தங்கைக்கும் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அரங்கில் பெரும்பாலோர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு விரைந்து வந்து நள்ளிரவில் நேரலையைப் பார்த்தபோது அந்தக் காட்சி வரவே இல்லை. வந்த காட்சிகளிலும் நாங்கள் சிரிக்காமல் விட்ட வரிகள் சில காணாமல் போயிருந்தன. ஒத்திகை முடிந்த பின் ஒன்பதாம் மாடியில் உள்ள மைக்கேல்ஸின் அறையில் கூடி, எதை வைப்பது எதை நீக்குவது என்று முடிவெடுக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. ஆனால் என் மௌனம் அந்த முடிவில் ஒரு பங்கு வகித்தது என்பதை அந்த நள்ளிரவில் சோபாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். அந்தக் காட்சிக்கு நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சிரித்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே பார்வையாளர் வெறும் அலங்காரம் இல்லை என்று மார்கழிப்பனி சொல்வதை என் அனுபவத்தில் உறுதி செய்கிறேன். ஆனாலும் 2021 நிகழ்ச்சியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. திங்கள்கிழமை யோசனைகளைப் பேசி, செவ்வாய் இரவு முழுவதும் விழித்து எழுதி, புதன்கிழமை அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசித்து, வியாழனும் வெள்ளியும் அரங்கம் அமைத்து ஒத்திகை பார்த்த ஒரு வாரத்து உழைப்பு சனிக்கிழமை பிற்பகலில் கையைவிட்டுப் போனது. அப்படி இழந்தவர்களுக்கும், மிஞ்சியதையாவது நம்மிடம் கொண்டுவந்து கொடுக்கும் உரிமை உண்டல்லவா?

வெண்பா

தேன்மொழி அக்காவின் பதிவு என்னை நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டினின் 1986 டிசம்பர் 6 காட்சிக்கு அழைத்துச் சென்றது. பார்வையாளர் என்ன செய்கிறார் என்பதை அறிய அதைவிட நல்ல பாடம் கிடையாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மனிதர் கணப்பருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேறு நடிகர் இல்லை, அசைவு இல்லை. இந்தப் பண்டிகைக் காலத்தில் எனக்கு ஒரே ஒரு வரம் கிடைக்குமானால், உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் கைகோத்து அமைதியோடும் இணக்கத்தோடும் பாட வேண்டும் என்று கேட்பேன் என்கிறார். குரலில் கனிவு. பிறகு, இரண்டு வரங்கள் கிடைக்குமானால் என்று தொடங்குகிறார். முதலாவது குழந்தைகளுக்கு, இரண்டாவது, மாதம் மூன்று கோடி டாலர், வரி இல்லாமல், சுவிஸ் வங்கிக் கணக்கில், தனக்கு. மூன்றாவது வரத்தில் அண்டத்தில் உள்ள எல்லா உயிர்கள்மீதும் அதிகாரம் கேட்கிறார். இப்படி வரங்கள் பெருகப் பெருக, எதை முதலில் வைப்பது என்ற கவலை அவருக்கு வந்துவிடுகிறது. குழந்தைகளின் பாட்டு பட்டியலில் கீழே கீழே இறங்குகிறது.

இதைக் காகிதத்தில் எழுதிப் படித்தால் பேராசையைக் கண்டிக்கும் நீதிக்கதை போல இருக்கும். மேடையில் அது வேறாகிறது. காரணம், முதல் வரத்தைச் சொல்லும்போது அரங்கில் ஒருவரும் சிரிப்பதில்லை, எல்லாரும் அவரோடு சேர்ந்து உருகுகிறார்கள். பணம் வரும்போது சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பு அவரை நோக்கி மட்டும் எழுவதில்லை. ஒரு நொடிக்கு முன் உருகிய தங்களை நோக்கியும் எழுகிறது. மார்ட்டின் அந்தச் சிரிப்பு முழுதாக அடங்குவதற்காகக் காத்திருந்து, முகத்தில் அதே கனிவோடு அடுத்த வரத்துக்குப் போகிறார். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை எழுத்தாளர் எழுதிவைக்க முடியாது. நடிகர் முன்கூட்டியே முடிவு செய்யவும் முடியாது. எதிரே இருப்பவர்கள்தான் அதை அவருக்குச் சொல்கிறார்கள். அந்த இடைவெளிகளை வெட்டிவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

இதே கலைஞர் 2021 டிசம்பரில் மார்ட்டின் ஷார்ட்டுடன் சேர்ந்து வாழ்த்து ஒன்றை முன்பதிவு செய்து அனுப்பியிருந்தார். இருவரும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் காத்திருக்க வேண்டிய இடங்களில் அவர்களால் காத்திருக்க முடியவில்லை என்பதை, 1986ஐப் பார்த்தவர்கள் உணர்வார்கள். எனவே என் முடிவு மார்கழிப்பனியின் பக்கம் சாய்கிறது. இருந்தாலும், முன்பதிவுக் காட்சிகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2020 டிசம்பர் 19 அன்று கிறிஸ்டன் விக் நடித்த கிறிஸ்துமஸ் காலைப் பாடல், வீட்டில் எல்லாருக்கும் குவியல் குவியலாகப் பரிசுகள் கிடைக்க அம்மாவுக்கு மட்டும் ஓர் அங்கி கிடைப்பது, முன்பே படமாக்கப்பட்டதுதான். அதைப் பார்த்த பிறகு என் அம்மாவுக்கு அந்த ஆண்டு பொங்கலுக்கு என்ன வாங்கினோம் என்று நினைத்துப் பார்த்து, உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

கடலூரான்

என் கேள்விக்கு வெண்பா பாதி பதில் கொடுத்துவிட்டார். மீதியை 1982இல் தேடிப் பார்க்கிறேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 11 நிகழ்ச்சியை நிக் நோல்ட்டி தொகுத்து வழங்குவதாக இருந்தது. அவரும் எடி மர்ஃபியும் சேர்ந்து நடித்த படம் அந்த வாரம்தான் திரைக்கு வந்திருந்தது. நோல்ட்டிக்கு உடல்நலம் குன்றியதால் வர இயலவில்லை. அப்போது 21 வயதே ஆகியிருந்த, நிகழ்ச்சியின் நிரந்தர நடிகர்களில் ஒருவரான மர்ஃபியே தொகுத்து வழங்கினார். பணியில் இருக்கும் நடிகர் ஒருவர் தொகுப்பாளராகவும் நின்றது இன்றுவரை அந்த ஒரு முறைதான். தொடக்க அறிவிப்பில் நிகழ்ச்சியின் பெயருக்குப் பதிலாகத் தம் பெயரைச் சேர்த்து, இது எடி மர்ஃபி ஷோ என்று அவர் முழங்கியது உடன் நடித்தவர்களுக்கு மனவருத்தத்தைக் கொடுத்தது. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் மைக்கேல்ஸ் விலகிச் சென்றிருந்த அந்த ஆண்டுகளில் நிகழ்ச்சியைத் தோளில் தாங்கியவர் அந்த இளைஞர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

1984 டிசம்பர் 15 அன்று தொகுத்து வழங்கிய பிறகு மர்ஃபி அந்த மேடையில் மறுபடி தொகுப்பாளராக நிற்க 35 ஆண்டுகள் ஆயின. அவர் திரும்பி வந்ததும் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில்தான், 2019 டிசம்பர் 21. கிறிஸ் ராக், டேவ் சாப்பல், டிரேசி மார்கன், கீனன் தாம்சன் ஆகியோர் அவரைச் சூழ்ந்து நின்ற அந்தத் தொடக்க உரையில் எழுந்த கரவொலியை, அவருக்கு அடுத்த ஆண்டு கிடைத்த எம்மி விருதைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த எத்தனையோ பேர் தம் இளமைக்கு அன்று கை தட்டினார்கள். தமிழ்நாட்டில் ஞாயிறு காலை பத்து மணிக்கு அமர்ந்து பார்த்த எனக்கும் தொண்டை அடைத்தது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: 2020 ஏப்ரலில் வீடுகளிலிருந்து வந்ததை நாம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அங்கே பார்வையாளருக்கென்று இடமே இல்லை, எனவே எதுவும் காலியாகத் தெரியவில்லை. 2021இல் இருக்கைகள் இருந்தன, ஆட்கள் இல்லை. மர்ஃபிக்குக் கரவொலி எழுந்து சரியாக இரண்டு ஆண்டுகளுக்குள் அதே இருக்கைகளை அப்படிப் பார்த்ததுதான் மார்கழிப்பனியை வாட்டியிருக்கிறது. அது அந்த நிகழ்ச்சியின் குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏழிசை

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன், இந்த விவாதத்துக்கு நேரடித் தொடர்புடையது. 2020 அக்டோபரில் அரங்குக்குத் திரும்பியபோது, நியூயார்க் மாநில விதிகளின்படி தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் பணமளித்துப் பணியமர்த்தப்பட்டவர்கள் மட்டுமே பார்வையாளராக இருக்கலாம் என்ற நிலை இருந்தது. அதனால் உள்ளே வந்து அமர்ந்தவர்களுக்கு 150 டாலர் காசோலை கொடுத்தார்கள். சிரிப்பதற்காக வந்தவர்கள், சட்டத்தின் பார்வையில் ஓர் இரவுக்கு அந்த நிகழ்ச்சியின் பணியாளர்கள். வெண்பாவும் தேன்மொழியும் விளக்கியதை ஒரு மாநில அரசின் விதி தன்னையறியாமல் எழுத்தில் உறுதிசெய்துவிட்டது.

ஆகவே மார்கழிப்பனி சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பார்வையாளரும் நடிப்பவரே. ஆனால் நடிகர் ஒருவர் நோயில் படுத்ததால் நோல்ட்டிக்குப் பதில் மர்ஃபி வந்தார் என்றால், பார்வையாளர் என்ற நடிகர் வர முடியாத இரவில் அவருடைய இடத்தில் ஹாங்க்ஸும் ரட்டும் தாம்சனும் உட்கார்ந்து சிரித்ததை நாம் ஏன் ஏற்கக் கூடாது?

மார்கழிப்பனி

நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. ஏழிசை அவர்களின் கடைசிக் கேள்விக்குப் பிறகு 2021 நிகழ்ச்சியை நேற்று இரவு மறுபடி முழுமையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது மேடையையே கவனித்துக்கொண்டிருந்தேன். இம்முறை செய்திப் பகுதியில் எதிரே அமர்ந்திருந்தவர்களின் சிரிப்பை மட்டும் கேட்டேன். சில வரிகளுக்கு அவர்கள் சிரிக்கவில்லை. அந்த இடங்களில் ஃபேயும் சேயும் வேகத்தைக் கூட்டி அடுத்ததற்குச் சென்றார்கள். சிரித்த இடங்களில் நின்றார்கள். வெண்பா குறிப்பிட்ட அந்தக் காத்திருத்தல், சிறிய அளவிலாவது, அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

எனவே அந்த இரவின் ஒளிபரப்பை நிறுத்தியிருக்க வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பழைய காட்சிகளை இடையிடையே அடுக்கியது குறித்த என் மனக்குறை மட்டும் அப்படியே இருக்கிறது. நிகழ்ச்சி அரை மணி நேரத்தோடு முடிந்திருந்தாலும், அந்த ஐந்து பேரையும் வெறும் மேடையில் இன்னும் சற்று நேரம் பேச விட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். நிகழ்ச்சி தொடங்குவது ஆயத்தமாகிவிட்டதால் அல்ல, மணி பதினொன்றரை ஆகிவிட்டதால்தான் என்று மைக்கேல்ஸ் சொல்வதுண்டு. அந்த இரவில் ஆயத்தமாக எதுவுமே இல்லாத நிலையில், அவர்கள் அந்தச் சொல்லை இறுதிவரை நம்பியிருக்கலாம்.

தேன்மொழி அம்மா, ஒரு வேண்டுகோள். நீங்களும் உங்கள் தங்கையும் பார்த்து, ஒளிபரப்பாகாமல் போன அந்த விருந்துக் காட்சியை நினைவில் உள்ளவரை இங்கே எழுத முடியுமா?

தேன்மொழி

எழுதுகிறேன். தங்கைக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும், இன்று இரவு அவளிடம் பேசிவிட்டு வருகிறேன். ஒரு மேசை, அதைச் சுற்றி எட்டோ ஒன்பதோ நாற்காலிகள், அதில் ஒரு நாற்காலியில் மட்டும் கடைசிவரை யாரும் உட்காரவில்லை என்பது வரை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.